கஞ்சியும் செபமாலையும்

இறை நம்பிக்கையின் வலிமை என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவோர் பெருவீரர்களே. நீற்றறையில் இடப்பட்டும் வாடாத அப்பரடிகள் வருவார்; சிங்கக் குகையில் எறியப்பட்ட தானியேல் வருவார். ஆனால், நேயர்களே, நம்மில் எத்தனை பேருக்கு நீற்றறை வாய்க்கிறது? விடிந்தால் உலையிலிட அரிசி வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். காணிக்கு உறுதி முடிக்க வேண்டும். இத்தகைய சாதாரண நாட்களைத் தாண்டுவதற்கு இறைவன் மீதுள்ள நம்பிக்கை எவ்விதம் கைகொடுக்கும்? இந்தக் கேள்வியோடு ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்துக்குச் சற்றுப் போய் வருவோம்.

1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கோட்டையோடு மதமும் மாறவேண்டும் என்பது புதிய ஆட்சியாளரின் எண்ணம். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டில் பிரகடனம் செய்யப்பட்டது. கோயில்கள் புரட்டஸ்தாந்து சபையின் பிரசங்க மண்டபங்களாகவும் பாடசாலைகளாகவும் மாறின. பிள்ளை பாடசாலைக்கு வராவிட்டால் தண்டப்பணம். விவாகமும் ஞானஸ்நானமும் அவர்களுடைய தோம்பில் பதியப்படவேண்டும். பதியாவிட்டால் முதுசம் கைக்கு வராது.

மக்கள் என்ன செய்தார்கள்? எல்லோரும் எதிர்த்து நின்று மாண்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பகலில் பிள்ளையை ஒல்லாந்தரின் பள்ளிக்கு அனுப்பினார்கள், தோம்பில் பெயர் பதிந்தார்கள். இரவில் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். அயலிலிருந்த சைவர்களின் நிலையும் இதுதான். விரத நாட்களில் உண்ட வாழையிலையை வெளியே எறிந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று கூரை இறப்பில் செருகி மறைத்தார்கள் என்பது யாழ்ப்பாணத்தில் வழங்கும் கர்ணபரம்பரைச் செய்தி. இதனை இரட்டை வேடம் என்று இகழ்வோர் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பெற்ற பிள்ளைகளையும் உழுத காணியையும் விட்டுவிட முடியாதவர்கள், நெஞ்சிலிருந்ததையும் விடாமல் வைத்துக்கொண்ட விதம் அது. குருவானவரின் முகம் காணாமல், பூசை இல்லாமல், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அப்படியே கடந்தன. 1658இல் பிறந்த குழந்தை தானே தாயாகிவிடும் காலம் அது. அந்தத் தாய் தன் பிள்ளைக்குச் செபம் சொல்லிக் கொடுத்தது, தன் தாயிடம் கேட்டதை வைத்துக்கொண்டுதான்.

இந்த நிலையில், 1687இல், கூலியாளின் கோலத்தில் ஒருவர் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவரே யோசேவாஸ் முனிவர். 1651இல் கோவாவில் கொங்கணப் பிராமண மரபில் வந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். இந்தியக் குருமாரே சேர்ந்து கோவாவில் நடத்திய ஒரத்தோரியன் சபையைச் சேர்ந்தவர். வெள்ளைத்தோல் குருவானவரைத் தேடிக்கொண்டிருந்த ஒல்லாந்தக் காவலரின் கண்ணில் இந்தக் கறுத்த கூலியாள் படவில்லை.

வந்தவர் வரும்போதே வயிற்றுளைச்சலால் நலிந்திருந்தார். பிழைப்பதே அரிது என்ற நிலை. உதவிக்கு வந்தவள் ஒரு பெண். அவள் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியே அவர் உயிரைப் பிடித்து வைத்தது என்பர். பெரிய பணியை நெஞ்சில் சுமந்து வந்தவரின் முதல் நாட்கள் ஒரு சிரட்டைக் கஞ்சியை எதிர்பார்த்தே கழிந்தன. நான் அவர் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் நின்றுவிடும் இடம் இதுதான்.

உடல் தேறியதும் கழுத்தில் செபமாலையைத் தெரியும்படி அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சைக்குப் போனார். செபமாலையைக் கண்டதும் எந்த முகம் மலர்கிறது, எந்தக் கண் கலங்குகிறது என்று பார்ப்பதே நோக்கம். அப்படித்தான் முப்பது ஆண்டு மறைந்திருந்தவர்களை அவர் கண்டெடுத்தார். பின்னர் சில்லாலைக் கிராமம் அவருக்கு அடைக்கலமாயிற்று. அங்கிருந்துகொண்டு இரவில் நடந்து, இரவில் பூசை செய்து, விடியுமுன் வேறிடம் போய்விடுவார்.

1689ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் ஒல்லாந்தர் மோப்பம் பிடித்துவிட்டனர். கூடியிருந்த ஏறக்குறைய முந்நூறு பேர் அகப்பட்டனர், முனிவர் அகப்படவில்லை. தலைவர்களாகக் கருதப்பட்ட எண்மர் கசையடி பட்டனர். அவர்களுள் ஒருவர் அடியினாலேயே மாண்டார். மற்றவர்களுக்குக் கோட்டையில் கடூழியம் விதிக்கப்பட்டது. தமக்காக இத்தனை பேர் அடிபடும்போது தாம் தப்பிச் செல்வது அந்த நல்ல மனிதருக்கு எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும்! ஆயினும் அவர் அகப்பட்டிருந்தால் இலங்கை முழுமைக்கும் குருவானவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார். புத்தளம் போய், 1692இல் கண்டி இராச்சியத்தின் தலைநகரை அடைந்தார்.

அங்கே காத்திருந்தது சிறை. போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். சிறையில் என்ன செய்தார்? சிங்களம் படித்தார். காவல் தளர்ந்தபோது முற்றத்தில் குடிசை போலொரு சிறு கோயில் கட்டிக்கொண்டார். வறட்சிக் காலத்தில் அவர் செபிக்க மழை பெய்தது என்றும், அதன்பின் அரசன் மனம் இளகியது என்றும் ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. அதைச் சொல்லாத நூல் இல்லை. ஆகவே நான் அதில் தங்கவில்லை.

தங்கவேண்டியது 1697ஆம் ஆண்டில். கண்டியில் வைசூரி பரவியது. அரசன் நகரை விட்டு நீங்கினான், வசதியுள்ளவர்கள் பின்தொடர்ந்தார்கள். நோயுற்றவர்களைச் சொந்தக்காரரே காட்டில் விட்டுவிட்டு ஓடினார்கள். யோசேவாஸ் ஓடவில்லை. உடனிருந்த குருவானவரோடு சேர்ந்து ஒதுக்கிடங்கள் அமைத்தார், கைவிடப்பட்டவர்களைத் தூக்கிவந்து கிடத்தினார், புண்ணைக் கழுவினார், இறந்தவர்களைப் புதைத்தார். அவர்கள் பௌத்தரா கத்தோலிக்கரா என்று கேட்கவில்லை. முன்பு யாழ்ப்பாணத்தில் தாம் வாங்கிக் குடித்த கஞ்சியை இப்போது அவர் பிறர் வாயில் ஊற்றினார். நாளைக்குத் தாமே நோயில் விழலாம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அதிகாலையில் முழந்தாளிட்டுச் செபிப்பார், எழுந்தால் வேலை. அடுத்த நாளும் அப்படியே. ஒரு நாளுக்கு வேண்டிய பலத்தை அந்த நாளின் காலையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளும் வழக்கம் அது.

1705இல் வந்து அவரோடு சேர்ந்துகொண்டவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றியவர். இலக்கிய அன்பர்களுக்கு அவருடைய 'தேவ அருள்வேத புராணம்' தெரிந்திருக்கும். 'வியாகுலப் பிரசங்கம்' என்பதும் அவருடையதே. அச்சியந்திரம் ஒல்லாந்தரிடம் இருந்தது. கத்தோலிக்கரிடம் இருந்தது எழுத்தாணியும் ஓலையும். குருவானவர் இல்லாத ஊரில் வீட்டுக்காரர் ஒருவர் ஓலையை வாசிக்க மற்றவர்கள் கேட்டிருக்கலாம் அல்லவா? தனியே மூச்சடக்கிச் சொன்ன செபத்துக்கு இப்போது ஒரு துணை கிடைத்தது.

யோசேவாஸ் முனிவர் 1711 ஜனவரி 16இல் கண்டியில் காலமானார். அறுபது வயது நிறையவில்லை. 1995இல் அவருக்கு முத்திப்பேறு பட்டமும் 2015இல் புனிதர் பட்டமும் பாப்பரசர்களால் கொழும்பு காலிமுகத்திடலில் வழங்கப்பட்டன. கண்டியில் அவரை அடக்கம்செய்த கோயில் பின்னாளில் அழிந்துபோயிற்று. கல்லறை இருந்த இடத்தைப் பலரும் தேடியிருக்கிறார்கள், அகப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் கஞ்சி கொண்டுவந்த பெண்ணின் பெயரையும் எவரும் எழுதி வைக்கவில்லை.