கூர்ப்பும் பரிணாமமும்

மணிவாசகப் பெருமான் சிவபுராணத்துட் புல் முதலாகத் தேவர் ஈறாகப் பிறவிகளை அடுக்கியருளிய பகுதியை எடுத்துக்காட்டி, டார்வின் கண்டதை நம் பெருமான் அன்றே கண்டார் என்று மேடைகளில் முழங்குவது நம்மவர்க்கு நெடுநாள் வழக்கம். புளியங்குடியில் மார்கழி முற்றோதல் ஒன்றன் பின்னர் அவ்வாறு பேசப்பட்டபோது, பள்ளி மாணவன் ஒருவன் எழுந்து, "பாம்புக்குப் பின்னர்க் கல் வருகின்றதே, பாம்பினுங் கல் உயர்ந்ததோ?" என வினவினான். அவனை அமர்த்திவிட்டனர். வினா அமரவில்லை.

அவன் கேட்டது நேரிது. அப்பகுதியிற் புழுவின் பின் மரமும், பாம்பின் பின் கல்லும், மனிதரின் பின் பேயும் வருகின்றன. ஏறிச்செல்லும் ஏணியாக அதனைக் கொள்ளுதல் இயலாது. ஆண்டுப் பேசுவது உடம்புகள் பலவற்றுட் புக்கு எய்த்த ஓர் உயிர். வினைவழிப்பட்ட அவ்வுயிர் மக்கட்பிறவியினின்று மீளப் புல்லாதலுங் கூடும். டார்வின் ஆராய்ந்ததோ உடம்புகளின் கால்வழி. தொல்காப்பிய மரபியலில் வரும் அறுவகை அறிவுப் பகுப்பும் உள்ளனவற்றை வகுத்ததேயன்றி, ஒன்றினின்று ஒன்று வந்ததெனக் கூறியதன்று.

குழப்பத்திற்குச் சொல்லும் ஒரு காரணம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இவ்வியலைப் 'பரிணாமம்' என்கின்றன. பால் தயிராதல் போல ஒரு பொருள் தானே திரிந்து வேறாதலுக்கு அச்சொல்லைச் சாத்திரங்கள் வழங்கும். அதனைக் கேட்டுப் பழகிய செவி, ஒரு குரங்கு ஒருநாள் மனிதனாகத் திரிந்ததென்று கொள்கிறது. டார்வின், வாலசு என்னும் இருவர் கருத்தாக 1858இல் இலண்டனிற் படிக்கப்பெற்று, 1859இல் டார்வின் தம் நூலில் விரித்தது அஃதன்று. ஒரு தாய் வயிற்று மக்களிடையும் சிறு வேறுபாடுகள் உள. அவற்றுள் வாழுமிடத்திற்கு இயைந்தவை மிகுதியும் எஞ்சி வழிவழிப் பெருகும். தனியுயிர் திரிவதில்லை, கூட்டமே தலைமுறைதோறும் வேறாகின்றது. ஈழத்துப் பாடநூலார் இதனைக் 'கூர்ப்பு' என்பர். அஃது உள்ளதே மிகுதல் என்னும் பொருட்டென்பது தொல்காப்பிய உரியியல் கற்றார் அறிவர். எனக்கு அச்சொல்லே உவப்பு.

இனி, அது வெறுங் கொள்கைதானே என்பாரும் உளர். 2018 சனவரியில் ஒன்றிய அமைச்சர் ஒருவர், குரங்கு மனிதனாவதை எவருங் கண்டிலராகலின் டார்வின் கருத்துப் பிழை என்றார். நாட்டின் அறிவியற் பேரவைகள் மூன்றும் கூடி மறுத்தன. 2023இல் பத்தாம் வகுப்பு மையப் பாடநூலினின்றும் அப்பகுதி நீக்கப்பெற்றது. கண்டிலர், ஆகலின் இல்லை என்பது யாருடைய வாதம்? சித்தியார் பரபக்கத்தில் முதற்கண் நிற்கும் உலகாயதனுடையது. காட்சி ஒன்றே அளவை என்பான் அவன். நாமோ காண்டல், கருதல், உரை என மூன்றுங் கொண்டவர். பங்குனி வெயிலிற் புளியங்குடித் தெருவில் நின்று மேற்கு மலையிற் புகை கண்டால், ஏறிப் பாராமலே தீ உண்டென்கிறோம். பொதியிலடியில் விக்கிரமசிங்கபுரத்துத் தோன்றிய சிவஞான முனிவர் தருக்கசங்கிரகத்தைத் தமிழாக்கித் தந்தது நாம் இவ்வளவையைப் பழகுதற்பொருட்டன்றோ? அறிவியலார் கூறும் கொள்கை, பல ஏதுக்களாற் கட்டப்பெற்று, ஏதுப்போலி காட்டப்படின் வீழ்தற்கும் இசைந்து நிற்கும் கருதலாம். மீனுந் தோன்றாக் காலத்துப் பாறையில் முயலின் என்பு கிடைக்குமாயின் இஃது வீழும். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் கிடைத்திலது.

ஏது ஒன்று நம் மலையிலேயே உளது. ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் வாழ்ந்து, மழைக்குச் சில நாளே வெளிவரும் ஊதாநிறத் தவளை ஒன்றை 2003இல் இடுக்கிப் பகுதியினின்று பிஜு, பொசுய்ட் என்னும் அறிஞர் இருவர் உலகறியச் செய்தனர். சையமலையின் பெயரையே அதற்கிட்டனர். அதன் நெருங்கிய உறவினம் ஏறத்தாழ 3,000 கி.மீ. கடலுக்கப்பால் செய்செல்சுத் தீவுகளில் வாழ்கின்றது. உவர்நீரைத் தவளை நீந்திக் கடவாது. அத்தீவுகளும் இந்நிலமும் ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டின் முன் ஒன்றாயிருந்து பிரிந்தன என நிலநூலார் வேறு வழியாற் கண்டிருந்தனர். இரு நூலும் ஒன்றையொன்று நோக்காது ஓரிடத்து வந்து கூடின. பின்னர் 2017இல், புளியங்குடிக்கு வடக்கே திருவில்லிபுத்தூர் மலைச்சரிவில் அத்தவளையின் பிறிதோர் இனம், பூபதி என்னும் ஆய்வாளர் பெயரால் அறிவிக்கப்பெற்றது. குற்றாலத்திற் சாரல் தரும் தென்மேற்குப் பருவத்தின் வரவோடு இனம்பெருக்குவது மேற்குச்சரிவுத் தவளை. மழைமறைவான கீழைச்சரிவுத் தவளை ஐப்பசி கார்த்திகை மழைக்குக் காத்திருக்கும். ஒரு குடி இரண்டாய்ப் பிரிந்தமை இங்ஙனம் புலனாகின்றது.

இதனாற் சித்தாந்தத்திற்கு ஊறு யாது? குடத்திற்கு மண் முதற்காரணம், திகிரி துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அறிவியல் மண்ணையும் திகிரியையும் ஆராய்கின்றது. தனு கரண புவன போகங்களை உயிர்க்குக் கூட்டுவான் ஒருவன் உளன் என்னும் நம் துணிபு அவ்வாராய்ச்சியால் மெலிவதும் இல்லை, வலிவதும் இல்லை. வலிவு தேடி டார்வினை அழைப்பவரே நூலை ஈடு வைக்கின்றனர்.

ஓரிடர் மட்டும் எஞ்சுகிறது. நால்வகைத் தோற்றத்துள் வெயர்வையிற் பிறப்பன என ஒரு வகை வைத்தோம். பேனை அதற்குக் காட்டாக உரைத்தோம். பேன் ஈரினின்று வருவதை நம் வீட்டுப் பெண்டிர் சீப்பிலேயே கண்டுள்ளனர். இதற்கு விடை எழுதாமல் வைத்திருக்கின்றேன். அம்மாணவன் அதனையும் ஒருநாள் வினவுவான்.