புத்தளக் கரையும் சபாநாயகர் ஆசனமும்: எச். எஸ். இஸ்மாயிலை முன்வைத்து ஓர் ஆய்வு

1951 முதல் 1970 வரையான காலத்தில், 14 ஆண்டுகளுக்கு மேல், இலங்கைப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் ஆசனம் இன்றைய புத்தளம் மாவட்டக் கரையோரத்தவர் கையில் இருந்தது. நாத்தாண்டியாவின் சேர் அல்பர்ட் பீரிஸ் இரு தடவை (1951–56, 1965–67) அதில் அமர்ந்தார். புத்தளத்தின் எச். எஸ். இஸ்மாயில் (1956–59), வென்னப்புவப் பக்கத்து ஹியூ பெர்னாண்டோ (1964), சிலாபத்தின் ஷேர்லி கொரயா (1967–70) ஆகியோர் மற்ற மூவர். உப்பளமும் தென்னந்தோப்பும் மீன்வாடியுமாகக் கிடக்கும் ஒடுங்கிய ஒரு கரைக்கு இது சிறிய பங்கு அல்ல. ஆயினும் நம் அரசியல் வரலாற்று நூல்கள் இதைத் தனித்து எடுத்துப் பேசுவதில்லை.

இந்தக் கரையின் சட்டமன்றத் தொடர்பு தேர்தல் காலத்துக்கும் முந்தியது. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச் செட்டி 1838இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக நியமனம் பெற்றார். 1845 வரை அங்கிருந்தார். ‘தமிழ் புளூட்டார்க்’ எழுதியவராகவே நாம் அவரை அறிவோம். சபை உறுப்பினராக அவரை ஆராய்ந்தவர்கள் குறைவு. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது சிலாபத்திலிருந்து அரசாங்க சபைக்குச் சென்ற கிளோட் கொரயா, 1936 முதல் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகவும் பின்னர் வாஷிங்டனில் இலங்கையின் முதல் தூதுவராகவும் இருந்தார். காசிச் செட்டிக்கு ஆளுநரின் நியமனம் போதுமானதாயிருந்தது. கொரயா ஊர் ஊராகப் போய் வாக்குக் கேட்க வேண்டியிருந்தது. அந்த வேறுபாட்டிலிருந்துதான் இஸ்மாயிலின் கதை தொடங்குகிறது.

1901இல் பிறந்த இஸ்மாயில் சட்டத்தரணி. 1947இல் கூடிய முதலாவது பாராளுமன்றத்திலிருந்து மூன்றாவது பாராளுமன்றம் 1959 டிசம்பரில் கலையும் வரை புத்தளம் தொகுதியின் உறுப்பினர். 1956இல் சுயேச்சையாக வந்தார். அந்தத் தேர்தல் ஐக்கிய தேசியக் கட்சியை எட்டு ஆசனங்களுக்குச் சுருக்கி, எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவை ஆட்சியில் ஏற்றியது. ஏப்ரலில் கூடிய புதிய சபை இஸ்மாயிலைச் சபாநாயகராக்கியது. அப்பதவிக்கு வந்த முதல் முஸ்லிம் அவரே.

அடுத்த சில வாரங்களில் வந்தது, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் அரசகரும மொழி மசோதா. ஜூன் 5ஆம் திகதி அதை எதிர்த்துக் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினர் தாக்கப்பட்டனர். வட்டுக்கோட்டை உறுப்பினர் அ. அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு சபைக்குள் நுழைந்தார். அந்தச் சபைக்குத் தலைமை தாங்கியவர், தமிழ் பேசும் வாக்காளர் அனுப்பிய ஒருவர். மசோதா 56க்கு 29 என நிறைவேறியது. சோல்பரி யாப்பின்படி சபைக்குத் தலைமை வகிப்பவருக்கு வாக்குகள் சமனானால் மட்டுமே வாக்குண்டு. அந்த 56இலும் புத்தளம் இல்லை, 29இலும் இல்லை. கற்பிட்டியிலும் புத்தளம் நகரிலும் தமிழில் மனு எழுதிக் கச்சேரிக்குப் போன மக்களை நேரடியாகத் தொட்ட சட்டம் அது. அதில் அவர்களுடைய உறுப்பினருக்கு வாக்கில்லை.

இதை இஸ்மாயிலின் கோழைத்தனம் என்று படிப்பது நியாயமன்று. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அதே ஆண்டு சபாநாயகராக இருந்த சாம் ரேபர்ன் 1913 முதல் 1961 வரை உறுப்பினர். பெரும்பான்மைக் கட்சியின் தலைவராகவே நின்று எந்த மசோதா வாக்கெடுப்புக்கு வரலாம் என்பதில் கைவைத்தவர். இலங்கைச் சபை பின்பற்றிய வெஸ்ட்மின்ஸ்டர் மரபில் அந்த அதிகாரம் இல்லை, நடுநிலைதான் உண்டு. சிறுபான்மையினர் ஒருவரை அந்த ஆசனத்தில் ஏற்றுவது அவருக்கு மரியாதை, அவருடைய தொகுதிக்கு மௌனம். இரண்டும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன என்பதே என் வாசிப்பு.

இந்தக் கரையோரத்தவர் ஏன் இத்தனை முறை தெரிவானார்கள்? தற்செயலுக்கும் இதில் ஓரளவு இடம் விட வேண்டும்தான். ஆனால் முன்னேசுவரம், தலவில புனித அன்னம்மாள் ஆலயம், புத்தளம் பள்ளிவாசல்கள் என விரியும் இந்தக் கரையில் ஒரே சமூகத்தை நம்பி நின்றவருக்கு வெற்றி எளிதல்ல. சிங்களத்திலும் தமிழிலும் வாக்குக் கேட்டுப் பழகியவர், சபையின் எல்லாப் பக்கத்துக்கும் சகிக்கத்தக்கவராகத் தெரிந்திருப்பார். அப்படி வந்தவர்களின் ஆசனம் சொகுசானதும் அல்ல: 1964 டிசம்பர் 3இல் சிறிமாவோ அரசு 74க்கு 73 என ஒரே வாக்கில் தோற்றபோது சபாநாயகராக இருந்தவர் ஹியூ பெர்னாண்டோ.

இஸ்மாயிலுக்குப் பின் புத்தளம் அரசியலில் நீண்டகாலம் நிலைத்தவர் எம். எச். எம். நெய்னா மரிக்கார். அவர் சென்ற பாதை வேறு. பிரதி நிதியமைச்சராக இருந்து, 1988இல் ரொனி டி மெல் விலகியபின் நிதியமைச்சரானார். ஆசனத்தின் நடுநிலையை விட அமைச்சின் கையெழுத்துத்தான் ஊருக்குப் பயன் தரும் என்று அக்கால வாக்காளர் கருதியிருந்தால் அதில் வியப்பில்லை. 1989இல் விகிதாசார முறையில் தேர்தல் நடந்தபோது புத்தளம் தனித் தொகுதி என்ற நிலை போய், வாக்குகள் மாவட்டம் முழுவதற்கும் கலந்தன. அதன்பின் முஸ்லிம் பிரதிநிதித்துவம் பெரும்பாலும் தேசியப்பட்டியலையும் கூட்டணிகளையும் நம்பியே நின்றது. 2020இல் தராசுச் சின்னத்தில் அலி சப்ரி ரஹீம் தெரிவானது அதனால்தான் ஊரில் பெருஞ்செய்தியாயிற்று.

1956 முதல் 1959 வரையான சபை நடவடிக்கைகள் முழுவதும் ஹன்சார்ட்டில் கிடக்கின்றன. மொழி விவாதத்தின்போது ஆசனத்திலிருந்து வந்த கட்டளைகளைத் தனியே பிரித்துத் தமிழில் பதிப்பிக்கும் பணியைப் புத்தளத்து இளம் ஆய்வாளர் எவரேனும் கையிலெடுக்க வேண்டும்.