அறுபத்திரண்டு சாவிகள்

1960களில் ஒரு நாள். அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு பெரிய கணிப்பொறி இயங்கி வந்தது. ஒரே இயந்திரத்தைப் பலர் தத்தம் இடத்தில் அமர்ந்தபடி ஒரே சமயத்தில் பயன்படுத்த வழி செய்த முதல் ஏற்பாடுகளுள் அது ஒன்று. ஃபெர்னாண்டோ கார்படோ என்ற விஞ்ஞானியின் தலைமையில் உருவானது. ஒருவர் எழுதி வைத்ததை மற்றவர் தொடாதிருக்க வேண்டுமல்லவா? அதற்காக ஒவ்வொருவருக்கும் ஓர் இரகசியச் சொல் இருந்தது. இன்று நாம் கடவுச்சொல் என்கிறோமே, அதுதான். அன்று கணிப்பொறிக்குள் நுழைந்தவர்கள் திகைத்துப் போனார்கள். வழக்கமாக அன்றைய அறிவிப்பு வரும் இடத்தில், எல்லாருடைய பெயர்களும் கடவுச்சொற்களும் வரிசையாக வந்து நின்றன!

இது எந்தத் திருடனின் வேலையும் அன்று. ஒரு நிர்வாகி அறிவிப்பைத் திருத்திக் கொண்டிருந்தார். அதே வேளையில் இன்னொரு நிர்வாகி கடவுச்சொல் பட்டியலைத் திருத்திக் கொண்டிருந்தார். இருவருடைய தற்காலிகக் கோப்புகளும் இடம் மாறிவிட்டன. அவ்வளவே. ஆனால் அந்தச் சிறு விபத்து ஒரு பெரிய கேள்வியை எழுப்பிவிட்டது. கடவுச்சொற்களை உள்ளது உள்ளபடியே எழுதி வைத்தால், அந்த ஏடு என்றாவது ஒருநாள் பிறர் கண்ணில் படத்தானே செய்யும்?

இதற்கு விடை கண்டவர்களுள் ஒருவர் ராபர்ட் மாரிஸ். பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். அங்கேதான் கென் தாம்சனும் அவருடைய தோழர்களும் யூனிக்ஸ் என்னும் இயக்க ஏற்பாட்டை உருவாக்கினார்கள். யூனிக்ஸில் கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல் அரைத்து வைத்தார்கள். அரிசியை மாவாக்கலாம், மாவை மீண்டும் அரிசியாக்க முடியாது. அதுபோல, ஒரு சொல்லைக் கணித முறையில் குழப்பி ஓர் எழுத்துக் கோவையாக மாற்றிவிட்டால், அந்தக் கோவையிலிருந்து பழைய சொல்லை மீட்க வழியில்லை. நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டியதும் கணிப்பொறி அதை அரைத்துப் பார்க்கும். கிடைத்த மாவும் ஏட்டிலுள்ள மாவும் ஒன்றானால் உள்ளே விடும். ஏடு பிறர் கையில் சிக்கினாலும் கவலையில்லை என்பது எண்ணம். அக்கால யூனிக்ஸில் அந்த ஏட்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றே விட்டிருந்தார்கள்!

ஆனால் திருடன் மாவை அரிசியாக்க முயல வேண்டியதில்லை. அகராதியைத் திறந்து ஒவ்வொரு சொல்லாக அரைத்துப் பார்த்தால் போதும். எந்த மாவு ஒத்துப் போகிறதோ அதுவே கடவுச்சொல். இதை மாரிஸ் நன்கு அறிந்திருந்தார். அவரும் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரையில் 3,289 உண்மையான கடவுச்சொற்களைச் சோதித்த முடிவுகளைத் தந்தார்கள். 15 பேர் ஒரே ஓர் எழுத்தைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தார்கள். 72 பேர் இரண்டெழுத்து, 464 பேர் மூன்றெழுத்து. ஏறக்குறைய ஐந்நூறு பேர் அகராதியிலும் பெயர்ப் பட்டியல்களிலும் கிடைக்கும் சொல்லையே வைத்திருந்தார்கள். ஆக, எளிதில் பிடிபடுபவை 2,831. அதாவது நூற்றுக்கு 86. கணிப்பொறி நிபுணர்களின் சூழலிலேயே இந்த நிலை என்றால் மற்றவர்களைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

அவர்கள் இரண்டு தடைகளை ஏற்படுத்தினார்கள். அரைக்கும் வேலையை 25 முறை திரும்பச் செய்து வேண்டுமென்றே மெதுவாக்கினார்கள். மாவோடு ‘உப்பு’ம் சேர்த்தார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயரே அதுதான்! இந்த உப்பு 4,096 வகை. இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் உப்பு வேறானால் மாவும் வேறாகிவிடும். ஒருமுறை அரைத்து எல்லாருடைய மாவோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் குறுக்குவழி இதனால் அடைபட்டது.

இனி கதை மகனிடம் செல்கிறது. தந்தை மாரிஸ் 1986இல் அமெரிக்க அரசின் தேசியக் கணிப்பொறிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானியானார். மகன் ராபர்ட் டாப்பன் மாரிஸ் 1988இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அவ்வாண்டு நவம்பர் 2ஆம் தேதி மாலை அவர் ஒரு சிறு செய்நிரலை இணையத்தில் விட்டார். அதைக் கார்னெலிலிருந்து விடாமல், தொலைவிலிருந்தபடியே மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக் கணிப்பொறி ஒன்றிலிருந்து விட்டார். கடவுச்சொற்கள் அம்பலமான அதே கழகந்தான்! பிறர் உதவியின்றித் தானே ஊர்ந்து பரவியதால் அதனைப் ‘புழு’ என்றார்கள்.

அக்கால இணையத்தில் ஏறக்குறைய 60,000 கணிப்பொறிகளே இருந்தன. பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும். ஒருவரையொருவர் நம்பி வாழ்ந்த ஒரு சிற்றூர் எனலாம். புழு பல வழிகளில் நுழைந்தது. கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் செய்நிரலில், சோதனைக்காக வைத்த கதவு ஒன்று மூடப்படாமலே கிடந்தது. அது ஒரு வழி. மற்றொரு செய்நிரல் 512 எழுத்துகள் கொள்ளும் இடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, வருவதை அளந்து பார்க்காமல் வாங்கிக் கொண்டிருந்தது. புழு அதனிடம் 536 எழுத்துகளை நீட்டியது. படியில் கொள்ளாத நெல் தரையில் சிந்துவது போல, மிஞ்சிய எழுத்துகள் பக்கத்து நினைவகத்தில் விழுந்து, அங்கே கட்டளைகளாக மாறிவிட்டன.

நம் கதைக்கு முக்கியமானது கடவுச்சொல் வழி. ஒரு கணிப்பொறிக்குள் புகுந்ததும் புழு அங்கிருந்த ஏட்டைப் படித்தது. முதலில் கடவுச்சொல்லே இல்லாதவர் உண்டா என்று பார்த்தது. பிறகு அவரவர் பெயரையே அரைத்துப் பார்த்தது. பெயரை இருமுறை சேர்த்துப் பார்த்தது. திருப்பி எழுதிப் பார்த்தது. அதன் பிறகு தன்னோடு கொண்டு வந்த 432 சொற்கள். அதுவும் பலிக்காவிட்டால் அந்தக் கணிப்பொறியிலேயே இருந்த அகராதி. தந்தை ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இன்னின்ன வழிகளில் திருடலாம் என்று எச்சரித்தாரே, அவற்றையே மகனின் புழு வரிசையாகச் செய்துகொண்டு போயிற்று.

தீங்கு செய்வது மகனின் நோக்கமன்று என்றே பலரும் கருதுகிறார்கள். புழு எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை. ஆனால் அதில் ஒரு கணக்குப் பிழை இருந்தது. ஏற்கெனவே புழு இருக்கும் கணிப்பொறியில் மற்றொன்று தங்க வேண்டாம் என்பது ஏற்பாடு. ‘இங்கே புழு இருக்கிறது’ என்று நிர்வாகிகள் பொய்யாகப் பதில் சொல்லி ஏமாற்றிவிடக் கூடாதே என்று, ஏழில் ஒரு தடவை அந்தப் பதிலைக் கேளாமலே தங்கிவிடும்படி அவர் எழுதியிருந்தார். ஏழில் ஒன்று என்பது மிக அதிகம். சில மணி நேரத்தில் ஒவ்வொரு கணிப்பொறியிலும் பல புழுக்கள் நெளிந்தன. வேறு எந்த வேலையும் ஓடவில்லை. அகப்பட்டவை ஏறத்தாழ 6,000 என்பது அன்றைய மதிப்பீடு. இருந்து எண்ணியவர் யாருமில்லை.

மாரிஸ் பதறிப்போய் ஹார்வர்டிலிருந்த நண்பரை அழைத்தார். புழுவை நிறுத்தும் வழியை விளக்கி அந்த நண்பர் பெயரிடாத கடிதம் ஒன்றை அனுப்பினார். கடிதம் செல்ல வேண்டிய பாதையே புழுவால் அடைபட்டுக் கிடந்தது! பெர்க்லியிலும் மாசாசூசெட்ஸிலும் பர்டியூ பல்கலைக்கழகத்திலும் கண் விழித்து உழைத்தவர்கள் தாங்களாகவே புழுவைப் பிரித்து ஆராய்ந்து மருந்து கண்டுபிடித்தார்கள்.

1990 ஜனவரியில் மாரிஸ் குற்றவாளி என்று ஜூரிகள் தீர்ப்பளித்தனர். மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூகப் பணி, 10,050 டாலர் அபராதம். சிறைவாசம் இல்லை. பிற்காலத்தில் அவர் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலேயே பேராசிரியரானார். அந்த நவம்பர் மாதமே பிட்ஸ்பர்கில், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி அவசர உதவிக் குழு ஒன்று ஏற்பட்டது. பின்னர் பல நாடுகள் அம்மாதிரியில் தத்தமக்கென்று குழுக்கள் அமைத்தன. இந்தியாவில் 2004இல் அமைந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றிருந்த கடவுச்சொல் ஏட்டையும் நாளடைவில் நிர்வாகி மட்டுமே படிக்கும்படி மறைத்து வைத்தார்கள்.

நிறுவனங்கள் இவ்வாறு ஓரளவு பாடம் கற்றன. ஆனால் இணையம் நிறுவனங்களோடு நிற்கவில்லையே. வாசலைக் கண்காணிக்கும் காமிரா, அதன் படங்களைச் சேமிக்கும் பெட்டி, வீட்டுக்கு இணையத்தைக் கொண்டுவரும் ‘ரௌட்டர்’ எல்லாமே இன்று கணிப்பொறிகள்தாம். அவற்றுள் பலவற்றில் ஓடுவது லினக்ஸ். யூனிக்ஸின் சாயலில் 1991இல் பிறந்த ஏற்பாடு. திரையும் விசைப்பலகையும் இல்லாததால் அவற்றைக் கணிப்பொறி என்று நாம் நினைப்பதில்லை.

திண்டுக்கல்லில் கையால் செய்யும் பூட்டு ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி உண்டு. ஒரு பூட்டின் சாவி அடுத்த பூட்டைத் திறந்தால் அந்தப் பட்டறையில் யார் வாங்குவார்கள்? ஆனால் காமிராப் பட்டறைகள் இதைத்தான் செய்தன. இலட்சக்கணக்கில் செய்த கருவிகளுக்கெல்லாம் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். ‘அட்மின்’ என்ற பெயருக்கு ‘அட்மின்’ என்பதே கடவுச்சொல். ‘ரூட்’ என்ற பெயருக்கு 123456. சில கருவிகளில் அதை வாங்கியவரால் மாற்றவும் முடியாது. அது உள்ளேயே பதிந்து கிடந்தது.

2016ஆம் ஆண்டு ஆகஸ்டில் ‘மிராய்’ என்றொரு செய்நிரல் வெளிப்பட்டது. மிராய் என்றால் ஜப்பானிய மொழியில் எதிர்காலம். அதனிடம் 432 சொற்களோ அகராதியோ இல்லை. பெயரும் கடவுச்சொல்லுமாக 62 இணைகள் மட்டுமே இருந்தன. இணையத்தில் கண்மூடித்தனமாக முகவரிகளைத் தட்டிப் பார்க்கும். கருவி ஒன்று பதிலளித்தால் பட்டியலிலிருந்து பத்து இணைகளை முயலும். திறந்தால் அக்கருவி அதன் அடிமை. இவ்வளவு எளிய முறையில் உச்சக் கட்டத்தில் ஏறத்தாழ 6 இலட்சம் கருவிகள் அதன் வசமாயின என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கணித்தார்கள். மாரிஸின் புழுவைப் போல நூறு மடங்கு!

இத்தனை கருவிகளும் ஒரே முகவரிக்கு ஒரே சமயத்தில் வெற்றுச் செய்திகளை அனுப்பினால், ஒரே கடைவாசலில் ஊரே கூடி வழியடைத்தாற்போல் ஆகிவிடும். 2016 அக்டோபர் 21ஆம் தேதி அப்படி அடைபட்டது டைன் என்னும் நிறுவனம். இணையத்தளங்களின் பெயரைச் சொன்னால் அவற்றின் எண் முகவரியைத் தருவது அதன் தொழில். தொலைபேசி டைரக்டரி போல. டைரக்டரி கிழிந்ததால், தாம் எந்தத் தாக்குதலுக்கும் ஆளாகாத ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களையும் அமெரிக்காவின் பெரும்பகுதியில் பல மணி நேரம் யாராலும் அடைய முடியவில்லை.

மிராயை எழுதியவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள். ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டுக்கு இடம் தரும் போட்டி நிலையங்களை முடக்குவதற்கே முதலில் அதைப் பயன்படுத்தினார்கள். டைன் தாக்குதலுக்கு முன்பே செய்நிரலை ஊரறிய வெளியிட்டு விட்டதால், எடுத்தவர்களெல்லாம் ஆளத் தொடங்கினார்கள். மூவரும் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக் கொண்டார்கள்.

இதில் விசித்திரம் என்னவென்றால், காமிராவின் சொந்தக்காரருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. படம் வழக்கம்போல் தெரிந்தது. 1988இல் பூட்டு உடைந்தவரே கண் விழித்துத் தவித்தார். அதனால் அவரே பழுது பார்த்தார். 2016இல் பூட்டு ஒருவருடையது, நஷ்டம் வேறொருவருடையது. வாங்கியவர் அறியார், விற்றவருக்குக் கவலையில்லை. கருவியை அணைத்துப் போட்டால் மிராய் நினைவிலிருந்து மறைந்துவிடும். ஆனால் கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் சில நிமிடங்களில் மீண்டும் வந்துவிடும். ‘நல்ல கடவுச்சொல் வையுங்கள்’ என்று வாங்குபவரை மட்டும் உபதேசித்துக் கொண்டிருப்பது இங்கே நியாயமாகாது என்பது என் கருத்து. மாற்ற முடியாத பூட்டை விற்றவரையல்லவா முதலில் கேட்க வேண்டும்?

சட்டம் மெதுவாக அந்தப் பக்கம் திரும்பியது. கலிபோர்னியாவில் 2020 ஜனவரி முதல், இணையக் கருவி ஒவ்வொன்றும் தனிக் கடவுச்சொல்லோடு வரவேண்டும், அல்லது முதன்முறை இயக்கும்போதே புதியது வைக்கச் சொல்ல வேண்டும் என்று விதித்தார்கள். பிரிட்டனில் இதையொத்த சட்டம் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்தது. இவை புதிதாக விற்பவர்களைத்தான் கட்டுப்படுத்தும். முன்பே விற்றுப் போனவை சுவர்களில் அப்படியேதான் இருக்கின்றன.

உங்கள் வீட்டு ரௌட்டரைத் திருப்பி அடியிலுள்ள சீட்டைப் பாருங்கள். அதே ரகம் வைத்திருக்கும் நண்பரையும் அவர் வீட்டுச் சீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் நிர்வாகக் கடவுச்சொல் ஒன்றாகவே இருந்தால், அது உங்களுக்கென்று வெட்டிய சாவியன்று. அன்றைக்கே மாற்றி விடுங்கள். மாற்ற இடமே இல்லாத காமிராவாயின், அதை இணையத்தோடு சேர்க்காமல் வைப்பதே நல்லது.