குல்டூர்பிரௌவெரை (பெர்லின்)

குல்டூர்பிரௌவெரை, ஜெர்மனியின் தலைநகர் பெர்லினில் பிரென்ஸ்லவர் பெர்க் பகுதியில் உள்ள பழைய பீர் ஆலை வளாகம். 19ஆம் நூற்றாண்டில் ஷுல்டைஸ் நிறுவனத்தின் ஆலையாக எழுந்தது. 1967இல் உற்பத்தி நின்றது. அதன்பின் நாடக அரங்கு, அருங்காட்சியகம், திரையரங்கு, இசைக்கூடம், அலுவலகம், கடை எனப் பலரும் புழங்கும் இடமாகப் படிப்படியாக மாறியது. ஏறத்தாழ 25,000 சதுர மீட்டர் பரப்பில் ஆறு முற்றங்களும் இருபதுக்கும் மேற்பட்ட கட்டடங்களும் உள்ளன. 1974 முதல் இது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். போரில் பெரும்பகுதி இடிந்துபோன பெர்லினில், அக்காலத் தொழிற்கட்டடக் கலை இவ்வளவு முழுமையாகத் தப்பிய இடங்கள் மிகக் குறைவு.

மேட்டைத் தேடி வந்த ஆலை

ஆகுஸ்ட் ஹைன்ரிக் பிரெல் என்ற மருந்தாளர் 1842இல் பெர்லின் நகருக்குள், நொய யாக்கோப் தெருவில், ஒரு சிறு பீர் ஆலையைத் தொடங்கினார். 1853இல் அதை வாங்கிய யோப்ஸ்ட் ஷுல்டைஸ் தன் பெயரை அதற்குச் சூட்டினார். அவர் கையில் அது பதினோரு ஆண்டுகளே இருந்தது. 1864இல் அடோல்ஃப் ரோஸிக்கே என்ற வணிகர் ஆலையை வாங்கினார். ஊருக்குப் பழகிய பெயரை மட்டும் விட்டுவைத்தார். அதைப் பெருந்தொழிலாக வளர்த்தவர் அவருடைய மகன் ரிச்சர்டு ரோஸிக்கே. நிறுவனம் 1871இல் பங்கு நிறுவனமானது.

ஆலை ஏன் நகரின் வடக்கே, பிரென்ஸ்லவர் பெர்க் மேட்டுக்கு வந்தது என்பதற்கு விடை மண்ணுக்குள் இருக்கிறது. பெர்லினில் நெடுங்காலம் குடிக்கப்பட்டது, மேலே மிதந்து நொதிக்கும் ஈஸ்டால் செய்யப்படும் புளிப்பான வெள்ளை பீர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பவேரிய முறை லாகர் அதை ஓரங்கட்டியது. லாகருக்கான ஈஸ்ட் அடியில் தங்கி, ஏறத்தாழ 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் குளிரில் மெதுவாக வேலை செய்யும். நொதித்த பிறகும் உறைநிலையை ஒட்டிய குளிரில் பல வாரங்கள் வைத்திருந்தால்தான் பீர் தெளிந்து பக்குவப்படும். குளிர்பதன இயந்திரம் வருவதற்குமுன் இதற்கு இருந்த ஒரே வழி, ஆழமான நிலவறையைத் தோண்டி, குளிர்காலத்தில் ஏரிகளில் வெட்டியெடுத்த பனிக்கட்டியை அதில் அடுக்குவது.

நகரின் மையம் ஸ்பிரே ஆற்றின் பள்ளத்தாக்கில் கிடக்கிறது. அங்கே சில மீட்டர் தோண்டினாலே ஊற்று வந்துவிடும். பிரென்ஸ்லவர் பெர்க் அதைவிட உயர்ந்த நிலம் என்பதால் நீர் குறுக்கிடாமல் ஆழமாகத் தோண்ட முடிந்தது. அதனால்தான் ஃபெஃபர்பெர்க், பியோட்ஸோ, கியோனிக்ஸ்டாட் என்று பீர் ஆலைகள் இந்த மேட்டில் வரிசையாக முளைத்தன. ஷுல்டைஸ் அவற்றுள் ஒன்றாக வந்து, மற்றவற்றைத் தாண்டி வளர்ந்தது. 1870களில் கார்ல் ஃபான் லிண்டேயின் குளிர்பதன இயந்திரம் வந்ததும் பனிக்கட்டியின் தேவை குறைந்தது. ஆனால் அதற்குள் ஆலைகள் இங்கே வேர்விட்டுவிட்டன. 1920இல் போட்டி நிறுவனமான பட்ஸென்ஹோஃபருடன் ஷுல்டைஸ் இணைந்தது.

ஷ்வெக்டனின் கட்டடங்கள்

இன்று நாம் பார்க்கும் வளாகத்தின் பெரும்பகுதி 1878க்கும் 1891க்கும் இடையில் கட்டடக்கலைஞர் ஃபிரான்ஸ் ஷ்வெக்டன் வடிவமைத்தது. பெர்லினின் அன்ஹால்டர் ரயில் நிலையமும் கைசர் வில்ஹெல்ம் நினைவுத் தேவாலயமும் அவர் கட்டியவைதான். ரயில் நிலையத்தில் இன்று நுழைவாயிலின் ஒரு துண்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. தேவாலயம் முறிந்த கோபுரமாக நிற்கிறது. அவருடைய இந்த மூன்று படைப்புகளில் முழுமையாகப் பிழைத்தது பீர் ஆலைதான் என்பதால், ஷ்வெக்டனை அறிய விரும்புகிறவர்கள் இங்கேதான் வர வேண்டும்.

சுவர்கள் மஞ்சள் செங்கல். அவற்றினூடே சிவப்புச் செங்கல் பட்டைகள் கிடைமட்டமாக ஓடுகின்றன. சன்னல்கள் அரைவட்ட வளைவுகளுக்குள் அமைந்திருக்கின்றன. மூலைகளில் சிறு கோபுரங்கள், கைப்பிடிச் சுவரின் உச்சியில் கோட்டைக்குரிய பல்வரிசை. தொழிற்சாலைக்கு எதற்கு இத்தனை அலங்காரம் என்று கேட்கத் தோன்றும். முதலாளியின் பெருமிதத்துக்கு அதில் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அருகே போய் ஒரு சன்னல் வளைவைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: நிற மாற்றம் முழுவதும் செங்கல்லை அடுக்கிய முறையிலேயே வருகிறது, மேலே பூசியது ஏதும் இல்லை. கொதிகலன் கூடத்துக்கும் குதிரை லாயத்துக்கும் ஒரே கவனம் செலுத்தப்பட்டிருக்கிறது. பீப்பாய் வண்டிகளை இழுத்த குதிரைகளுக்கும் வளைவு வைத்த வாசல்தான்.

போர், நாட்டுடைமை, மூடல்

நாஜி ஆட்சியில் ஆலைக்கு வேறு முகம் வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது இங்கே கட்டாயத் தொழிலாளர்கள் வேலை வாங்கப்பட்டார்கள். அழகான செங்கல் முகப்பைப் போற்றும் எந்த விவரணையும் இதை விட்டுவிடக் கூடாது.

போருக்குப்பின் பிரென்ஸ்லவர் பெர்க் கிழக்கு ஜெர்மனியின் பகுதியானது. ஆலை மக்கள் உடைமை நிறுவனமாக இயங்கியது. 1967இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. பெரிய கூடங்கள் அறைகலன் கிடங்காகின. ஷோன்ஹவுசர் அலேயை ஒட்டிய மூலைக் கட்டடத்தில் 1970இல் ஓர் இளைஞர் மன்றம் திறந்தது. ஃபிரான்ஸ் கிளப் என்ற பெயரில் ஜாஸ், ராக் இசைக்குக் கிழக்கு பெர்லின் இளைஞர்கள் கூடும் இடமாக அது புகழ்பெற்றது. வளாகத்தின் பண்பாட்டு வாழ்க்கை ஜெர்மன் இணைப்புக்குப் பிறகு தொடங்கியது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது இருபது ஆண்டுகள் முன்பே இந்த மூலையில் தொடங்கிவிட்டது. ஆலை மூடப்பட்டாலும் ஷுல்டைஸ் என்ற பெயரில் பீர் இன்றும் பெர்லினில் காய்ச்சப்படுகிறது. ஆனால் வேறோர் ஆலையில்.

புதிய பயன்பாடு

1990இல் ஜெர்மனி ஒன்றானதும் கிழக்கின் அரசு உடைமைகளை விற்கும் பொறுப்பு டிராய்ஹாண்ட் என்ற முகமையிடம் வந்தது. இந்த வளாகத்தில் கலைஞர்களும் நாடகக் குழுவினரும் ஏற்கெனவே குடிபுகுந்திருந்தார்கள். அரசுச் சொத்து நிறுவனமாக இருந்த டிஎல்ஜி, 1998 முதல் 2000 வரை முழு வளாகத்தையும் புதுப்பித்தது. எட்டு அரங்குகள் கொண்ட திரையரங்கு, அங்காடி, அலுவலகங்கள் உள்ளே வந்தன.

இப்படிப்பட்ட இடங்களில் வாடகையும் கலையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். வாடகை முந்தினால் சிறு குழுக்கள் வெளியேறும். வருமானமே இல்லையென்றால் கூரை ஒழுகும். குல்டூர்பிரௌவெரையில் பெரிய குத்தகைதாரர்களும் சிறு அமைப்புகளும் ஒரே முற்றத்தில் நீடித்திருப்பது அதன் உண்மையான சாதனை. தினமும் வேலைக்கு வருகிறவர், காய்கறி வாங்க வருகிறவர், நாடகம் பார்க்க வருகிறவர் எல்லோரும் ஒரே வாசலைப் பயன்படுத்துகிறார்கள். கட்டடத்தை மட்டும் மெருகேற்றிக் கண்ணாடிப் பேழைக்குள் வைப்பதைவிட இது கடினமான வேலை.

கொதிகலன் இருந்த கெஸ்ஸல்ஹவுசும் இயந்திரங்கள் ஓடிய மஷீனென்ஹவுசும் பழைய பெயரிலேயே இன்று இசை நிகழ்ச்சிக் கூடங்கள். தொழிலாளர் உணவகம் ஆல்டே கன்டீனே என்ற நடனக்கூடமானது.

ராம்பாஸாம்பா நாடகக் குழுவைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் உருவான இக்குழுவில் டவுன் நோய்க்குறி உள்ளவர்களும் வேறு அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் மற்ற நடிகர்களோடு சேர்ந்து மேடையேறுகிறார்கள். இது பொழுதுபோக்குப் பயிற்சி வகுப்பல்ல, தொழில்முறைக் குழு. ஜெர்மன் மொழி தெரியாதவர்களும் ஒருமுறை பார்க்கலாம்.

பார்வையாளர்களுக்கு

முற்றங்களில் நடக்கக் கட்டணம் இல்லை. ஷோன்ஹவுசர் அலே, ஸ்ரெட்ஸ்கி தெரு, க்னாக் தெரு ஆகிய பக்கங்களிலிருந்து நுழையலாம். தரை கருங்கல் பாவியது என்பதால் சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ கொண்டுவருபவர்கள் மெதுவாகத்தான் செல்ல முடியும். செங்கல் வேலையைப் பார்க்கப் பகல் வேளையே ஏற்றது. இரவில் கூட்டம் இசைக்கூடங்களுக்கு வருவது.

க்னாக் தெருப் பக்கம் உள்ள அருங்காட்சியகத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஜெர்மன் வரலாற்று இல்லம் என்ற கூட்டாட்சி அரசின் அறக்கட்டளை அதை 2013இல் திறந்தது, அனுமதி இலவசம். கிழக்கு ஜெர்மனியின் அன்றாட வாழ்க்கையே அதன் பொருள். கூரைமேல் கூடாரம் பொருத்திய, அந்நாட்டின் டிராபன்ட் கார் ஒன்று அங்கே நிற்கிறது. அக்காலத்தில் விடுமுறை விடுதிகளில் இடத்தைப் பெரும்பாலும் தொழிற்சங்கமே ஒதுக்கியது, கிடைப்பது அரிதாக இருந்தது. ஆகவே குடும்பங்கள் படுக்கையைக் காரின் தலையில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பின. வேலை, வரிசை, கண்காணிப்பு, அவற்றுக்கு நடுவே மக்கள் தேடிக்கொண்ட சிறு சுதந்திரம் ஆகியவற்றை அந்த ஒரு கார் எந்த விளக்கப் பலகையையும்விடத் தெளிவாக உணர்த்துகிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் முற்றத்தில் லூசியா என்ற ஸ்காண்டிநேவிய பாணிச் சந்தை நடக்கும். நகரைச் சுற்றும் மிதிவண்டிப் பயணங்களும் இந்த வளாகத்திலிருந்து கிளம்புகின்றன.

யு2 மெட்ரோ வழித்தடத்தின் எபர்ஸ்வால்டர் தெரு நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. பாதை இங்கே தரைக்குமேல், இரும்புத் தூண்களின் மீது ஓடுகிறது. அதன் கீழே 1930இல் தொடங்கிய கொனோப்கே என்ற தின்பண்டக் கடை இன்றும் கறிவுர்ஸ்ட் என்ற தொத்திறைச்சி உணவை விற்கிறது. தெற்கே நடந்தால் ஃபெஃபர்பெர்க் ஆலை வரும். அதுவும் இன்று நாடக அரங்கு, விடுதி, பணியிடங்கள் கொண்ட பொது வளாகம். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.