வைஃபை ஃபுல் சிக்னல்.. ஆனா பக்கம் திறக்கலையா? 'ரீசெட்' அழுத்தும் முன் இதைப் பாருங்க!

ஆன்லைன் விண்ணப்பத்துக்கு கடைசி நாள். இரவு 10 மணி. செல்போனில் வைஃபை சிக்னல் ஃபுல்லாக இருக்கிறது. ஆனால் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பதற்றத்தில் பலரும் செய்வது, ரூட்டரின் பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்துவது. சரியாகக்கூடிய சின்ன கோளாறு, டெக்னீஷியன் வந்தால்தான் தீரும் என்ற நிலைக்குப் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

சிக்னல் ஃபுல் என்றால் நெட் இருக்கிறதா?

இல்லை. வைஃபை கோடுகள் காட்டுவது செல்போனுக்கும் ரூட்டருக்கும் இடையிலான தொடர்பை மட்டும்தான். ரூட்டரைத் தாண்டி இன்டர்நெட் வருகிறதா என்பதை அவை சொல்லாது. வீட்டுக்குள் குழாய் நன்றாக இருந்தாலும், தெருவில் தண்ணீர் விட்டால்தானே வரும்? அதே கதைதான்.

கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: உங்கள் போன், ரூட்டர், அல்லது வெளியிலிருந்து வரும் லைன். எந்த இடம் என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

1. மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணுங்க

வைஃபையில் நெட் இல்லை என்று தெரிந்ததும் பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். வைஃபை வேலை செய்கிறது என்று நாம் ஏமாந்துபோவோம். அதனால் மொபைல் டேட்டாவை ஆஃப் செய்துவிட்டு சோதியுங்கள்.

அடுத்து, வீட்டில் உள்ள இன்னொரு போனிலோ டிவியிலோ பாருங்கள். அதில் நெட் வந்தால் கோளாறு உங்கள் போனில்தான். விபிஎன் ஆன் ஆகி இருக்கிறதா, ஆண்ட்ராய்டு போனில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற இடத்தில் ஏதாவது முகவரி போடப்பட்டிருக்கிறதா, தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தேதி தவறாக இருந்தால், இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் பக்கத்தைத் தடுத்துவிடும்.

2. லைட் என்ன சொல்லுது?

எல்லாக் கருவிகளிலும் நெட் இல்லையா? ஃபைபர் கேபிள் வந்து சேரும் பெட்டியைப் பாருங்கள். 'பான்' என்ற லைட் பச்சையாக, நிலையாக எரிந்தால் ஃபைபர் லைன் நன்றாக இருக்கிறது. 'எல்ஓஎஸ்' என்ற லைட் சிவப்பாக எரிந்தாலோ, விட்டு விட்டு எரிந்தாலோ, ஒளி சிக்னல் வீட்டுக்கு வரவில்லை. கேபிள் எங்கோ அறுந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம், இணைப்பு தளர்ந்திருக்கலாம். நீங்கள் எந்த செட்டிங்கை மாற்றினாலும் இது சரியாகாது. புகார் கொடுப்பதுதான் வழி. கழற்றிய ஃபைபர் கேபிளின் முனையை கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டாம். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

3. ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு

லைட் சரியாக இருந்தால் ரூட்டரின் பவரை ஆஃப் செய்து, ஒரு நிமிடம் கழித்து ஆன் செய்யுங்கள். முழுதாகத் தயாராக 2, 3 நிமிடம் ஆகலாம். இதுதான் ரீஸ்டார்ட். இதில் எதுவும் அழியாது.

ஓட்டைக்குள் இருக்கும் பட்டனை சில விநாடிகள் அழுத்திப் பிடிப்பது ரீசெட். அது ரூட்டரில் உள்ள எல்லா செட்டிங்கையும் அழித்துவிடும். பல நிறுவனங்களின் இணைப்பில், ரூட்டருக்குள் ஒரு யூசர் நேமும் பாஸ்வேர்டும் பதிவாகி இருக்கும். அது போய்விட்டால், லைன் நன்றாக இருந்தாலும் நெட் வராது. அந்த விவரம் கையில் இல்லாதவர்கள் ரீசெட் பக்கமே போகக் கூடாது.

4. டிஎன்எஸ் கோளாறா?

இணையதளத்தின் பெயரை நாம் டைப் செய்கிறோம். கம்ப்யூட்டருக்கு வேண்டியது எண். பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தரும் போன் டைரக்டரிதான் டிஎன்எஸ். அது பதில் சொல்லாவிட்டால், லைன் நன்றாக இருந்தும் எந்தப் பக்கமும் திறக்காது.

லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பிங் கட்டளையோடு 8.8.8.8 என்று கொடுங்கள். பதில் வருகிறது, ஆனால் பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால் சந்தேகம் டிஎன்எஸ் மேல்தான். ஐபோனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள 'ஐ' குறியைத் தொட்டு, 'கான்ஃபிகர் டிஎன்எஸ்' என்பதை மேனுவலாக மாற்றி, 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுக்கலாம். முதலாவது கூகுளின் இலவச டிஎன்எஸ், இரண்டாவது கிளவுட்ஃபிளேரின் இலவச டிஎன்எஸ். வீடு முழுக்க மாற வேண்டும் என்றால் ரூட்டர் செட்டிங்கில் மாற்ற வேண்டும். பழைய எண்களை முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

5. சில பக்கம் மட்டும் திறக்குதா?

ரூட்டரை மாற்றிய பிறகு, சில தளங்கள் திறந்து சில தளங்கள் பாதியில் நிற்கிறதா? 'எம்டியு' அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமான அளவு 1500. யூசர் நேம், பாஸ்வேர்டு கேட்கும் பிபிபிஓஇ இணைப்பு அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்வதால், அங்கே 1492 இருக்க வேண்டும்.

6. பிளான் முடிஞ்சிடுச்சா?

சிரிக்க வேண்டாம், பல வீடுகளில் இதுதான் காரணம். பிளான் காலாவதியானாலும் வைஃபை சிக்னல் அப்படியே இருக்கும், நெட் மட்டும் நின்றுவிடும்.

புகார் கொடுக்கும்போது கவனம்

கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடி எடுக்க வேண்டாம். போலி நம்பர்கள் அதிலும் வரும். பில்லிலோ நிறுவனத்தின் ஆப்பிலோ உள்ள நம்பருக்கு மட்டும் பேசுங்கள். ரூட்டரைச் சரிசெய்ய உங்கள் போன் திரையைப் பகிரச் சொன்னாலோ ஓடிபி கேட்டாலோ உடனே கட் பண்ணுங்க. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

அவசர வேலை இருந்தால், முதலில் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதை முடித்துவிடுங்கள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகு ரூட்டரை நிதானமாகப் பார்க்கலாம்.