அணிக்கு முன்னால் வந்த அணிக்கோவை

பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தில் முதலில் அணி, அதாவது மேட்ரிக்ஸ். அடுத்து அணிக்கோவை. அப்புறம்தான் "அணிக்கோவையின் பண்புகளைப் பயன்படுத்தி நிறுவுக" என்று ஒரு முற்றொருமை. வரலாறு நடந்ததோ கிட்டத்தட்டத் தலைகீழாக.

பொ.ஆ. 628. பில்லமாலாக்காரரான பிரம்மகுப்தர் தன் பிராமஸ்புடசித்தாந்தத்தில் ஒரு விதி தருகிறார். பாவனா என்று பெயர். இன்றைய முறையில் எழுதினால்:

(க² − ந·ச²)(ப² − ந·ம²) = (க·ப + ந·ச·ம)² − ந(க·ம + ச·ப)²

இது வெறும் அழகுக்காக இல்லை. ஒரு வர்க்க எண்ணை 92-ஆல் பெருக்கி 1 கூட்டினால் இன்னொரு வர்க்க எண் வரணும். எப்படிப் பிடிப்பது? 10² − 92·1² = 8 என்று தொடங்கலாம். இதைத் தன்னோடே சேர்த்தால் 192² − 92·20² = 64. 192, 20 இரண்டையும் 8-ஆல் வகுத்தால் 24, 5/2. இப்போது வித்தியாசம் 1. மறுபடி ஒரு தடவை சேர்த்தால் 1151² − 92·120² = 1. கால்குலேட்டரில் தட்டிப் பாருங்க, சரியாக வரும்.

விதியை விரித்துச் சரிபார்க்க இரண்டு நிமிஷம் போதும். நடுவில் வரும் உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஆனால் ஏன் அடித்துக்கொள்கின்றன என்பதை விரிவாக்கம் சொல்லாது. அணிக்கோவை சொல்லும். முதல் வரிசையில் க, ந·ச. இரண்டாவதில் ச, க. இதன் அணிக்கோவை க² − ந·ச². ப, ம வைத்து இதேபோல் இன்னொரு அணி. இரண்டையும் பெருக்கினால் முதல் வரிசை க·ப + ந·ச·ம, ந(க·ம + ச·ப). இரண்டாவது வரிசை க·ம + ச·ப, க·ப + ந·ச·ம. அதே வடிவம்! பெருக்கல் அணியின் அணிக்கோவை, தனித்தனி அணிக்கோவைகளின் பெருக்கல்தான். வேலை முடிந்தது.

அந்தக் கடைசிப் பண்பைப் பொதுவாக நிறுவ 1812 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நவம்பர் 30 அன்று, பாரிஸில், ஒரே அவையில் பினே, கோஷி இருவருமே அதை முன்வைத்தார்கள். அப்போது மேட்ரிக்ஸ் என்ற சொல்லே கிடையாது; சில்வெஸ்டர் அதைக் கொண்டுவந்தது 1850-இல். அணிகளைப் பெருக்குவதைக் கெய்லி ஒழுங்காக எழுதியது 1858-இல். பிரம்மகுப்தரின் இயற்கணிதம் கோல்புரூக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பில் லண்டனில் வெளியானதோ 1817-இல்.

பாடப்புத்தகங்களுக்குப் பிடித்த க³ + ச³ + ப³ − 3கசப-வும் மூன்று எழுத்துகளைச் சுழற்றி எழுதிய அணியின் அணிக்கோவைதான். ஆகவே அதற்கும் ஒரு பாவனா உண்டு: (2, 1, 0) தருவது 9, (1, 1, 0) தருவது 2, இரண்டும் சேர்ந்த (2, 3, 1) தருவது 18.