கித்துள் பாணியும் நமக்கில்லாத மரமும்

கனடாவில இருந்து வர்ற பார்சலில் சில நேரம் மேப்பிள் பாணிப் போத்தலும் இருக்கும். குளிர் முடியும் பருவத்தில் மரத்தில் துளையிட்டு, சுமார் 40 லீற்றர் சாறைக் காய்ச்சினால் 1 லீற்றர் பாணி கிடைக்கும். பாட்டன் துளையிட்ட மரத்திலேயே பேரனும் துளையிடுவான். இதைக் குடும்பப் பாரம்பரியம் என்கிறார்கள். நமக்கு உடனே ஞாபகம் வந்தது பதுளைச் சந்தையில் வாங்குற கித்துள் பாணிதான்.

ஊவாவின் சிங்களக் கிராமங்களில் அதுவும் குடும்ப வேலை. பாளைக்கு மருந்து வைத்துக் கட்டி, காலையும் மாலையும் மெல்லிசா சீவி, சொட்டுற பதநீரைப் புளிக்குமுன் காய்ச்சணும். பதத்தில் இறக்கினால் பாணி, இன்னும் வற்றினால் கருப்பட்டி. ஆனால் கித்துள் உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பூத்து முடித்ததும் செத்துப்போகும். பாட்டன் சீவிய மரம் பேரனுக்குக் கிடைக்காது. அவனுக்கு வேறு கன்று வளரணும். அதுக்கு நிலம் வேணும்.

கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான நூலிலேயே கித்துளைப் பற்றி எழுதினார். அங்கே கருப்பட்டி காய்ச்சுவது ஒரு சாதிக்கு விதிக்கப்பட்ட தொழில். பாரம்பரியம் என்று இனிப்பாப் பேசும்போது இதையும் சொல்லத்தான் வேணும்.

1818 ஊவா கிளர்ச்சியை ஆங்கிலேயர் வயல்களையும் வீடுகளையும் அழித்து அடக்கினார்கள். 1840 முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடுகளை அரசுக்குச் சொந்தமாக்கியது. அந்தக் காடுகள் கோப்பியாகி, பிறகு தேயிலையாகின. வெட்டிய கை, தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் பூட்டன்களின் கை. இலாபம் தோட்டத்துரைக்கு. 1912 மதுவரிக் கட்டளைச் சட்டம் கள் இறக்க அனுமதிப்பத்திரம் கேட்டது. பதநீர் கள்ளாகச் சில மணிநேரம் போதும் என்பதால், பாணிக்காரருக்கும் தொல்லைதான்.

நம் லயங்களில் ஏன் பாணி காய்ச்சும் வழக்கம் வளரல? சோம்பேறித்தனமா? லயமும் தோட்டத்துக்குச் சொந்தம், வாசல் மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். 1948இல் குடியுரிமை போச்சு. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. பெட்டி கட்டச் சொல்லப்பட்டவர் எந்த நம்பிக்கையில் கன்று நடுவார்?

அதனால் நம் வீட்டுக்கு வந்தது மரமல்ல, சந்தையில் வாங்கிய ஒரு துண்டுக் கருப்பட்டி. அதை உள்ளங்கையில் வைத்து, கடிச்சுக்கிட்டே வெறுந்தேத்தண்ணி குடிச்ச அப்பாயிமார் நமக்கு உண்டு. அதுவும் நம் வரலாறுதான்.

2023இல் மலையகம் 200 என்று நடந்தோம், பேசினோம். காணி உரிமை கேட்பது கூரைக்கு மட்டுமா? கித்துள் பாளை விட பத்து வருசத்துக்கு மேல ஆகும். அத்தனை வருசமும் நம்மை யாரும் எழுப்பி அனுப்ப மாட்டாங்க என்று நம்பி, ஒரு கன்றை நடக்கூடிய மண்ணைத்தான் நாங்கள் கேட்கிறோம்.